நீலக் கோட்டும் நாலு கோழிகளும்

எங்கள் அண்ணியைத் தேடி வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். காஜாக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடும். சட்டைக் கம்பெனியிலிருந்து வெள்ளைச் சட்டைகள் மூட்டை மூட்டையாக அவள் வீட்டில் வந்து இறங்கும். பொத்தான் துளைக்கு நூல் சுற்றிக் காஜா எடுத்து, பொத்தான் தைத்து, நூலை நறுக்கி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முன்னறை ஜன்னலோரம் ஒரு பலகை. அதன்மேல் காலை மடக்கி உட்கார்ந்து நாள் முழுக்க ஊசியும் கையுமாக இருப்பாள். வாயும் சும்மா இருக்காது. ஊசி ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும், இரண்டும் முட்டிக்கொண்டதே இல்லை.

நான் அவளுக்கு நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. எங்களைப் பார்த்து ஏமாந்து போனவர்கள் நிறைய. எனக்குச் சண்டை போட ஆசை வந்தால் அண்ணனோடு போட்டுக்கொள்வேன். ஆனால் அதற்கு அவன் வீட்டில் இருக்க வேண்டுமே.

அண்ணன் வெல்டர். கடல் தாண்டிக் குழாய் பதிக்கிற வேலைக்குப் போனவன். மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தபோது போனான். இப்போது அவள் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். நடுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். பெட்டியைத் திறப்பான், பெட்டியை மூடுவான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் அண்ணன் அதைச் சில வாரத்துக்கு இழுப்பான், அவ்வளவுதான். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று ஒரு தடவை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

கோழி வந்ததும் என்னால்தான். நான் கால்நடை மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எங்கள் டாக்டரம்மாவுக்குத் தெரிந்த பண்ணை ஒன்றில் முட்டைக்காகவே கலப்பினக் கோழி வளர்க்கிறார்கள். இரண்டு வேறு வேறு இனத்தைச் சேர்த்து எடுத்த கலப்பு. செங்கல் நிறம், வாலோரம் கொஞ்சம் வெள்ளை, யாரைப் பார்த்தாலும் பயப்படாத குணம். நாட்டுக் கோழி என்றால் கொஞ்ச நாள் முட்டையிடும், அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும், கிட்டே போனால் கொத்தும். இவற்றுக்கு அடை என்பதே மறந்துபோன சமாச்சாரம். இட்டுவிட்டு, எடுத்துக்கொள் என்பதுபோல எழுந்து போய்விடும். முட்டைப் பருவத்தைத் தொடப்போகும் பெட்டைகள் நாலை ஓர் அட்டைப்பெட்டியில் வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"எனக்கெதுக்கு இந்தச் சனியன்?" என்றாள் அண்ணி. "வெள்ளச் சட்டைல ஒரு இறகு ஒட்டியிருந்தாலும் மூட்டையோட திருப்பி அனுப்புவான்."

"முட்டை கிடைக்கும் அண்ணி. பேச்சுத் துணைக்கும் ஆச்சு."

"பேச்சுத் துணைக்கா? கோழிகிட்டயா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

அந்தச் சமயம் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தான். புறப்படுவதற்கு முந்தைய வாரம். வேலையில்லாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தவனுக்குக் கோழியைப் பார்த்ததும் உயிர் வந்துவிட்டது. எங்கிருந்தோ கம்பியும் வலையும் கொண்டுவந்தான். பழைய நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, துணித் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பின்கட்டு மதிலோரம் ஒரே நாளில் கூண்டு கட்டி முடித்தான். முழங்கால் வரை வரும் கோட்டு அது. நெருப்புப் பொறி பட்டு ஊசித் துளைகளாக இருக்கும். பக்கத்துக்கு ஒரு பெரிய பை. கூண்டுக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிக் காட்டி, "இனிமே உனக்குத் துணைக்கு ஆளிருக்கு" என்றான் அண்ணியிடம். அடுத்த வாரம் போய்விட்டான். கம்பெனியில் புதுக் கோட்டு கொடுப்பார்கள் என்று பழையதையும் தொப்பியையும் பின்கதவு ஆணியிலேயே விட்டுப் போனான்.

அண்ணி கெட்டிக்காரி. கூண்டுக்குள் போகும்போது அந்தக் கோட்டை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டாள், கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கினாள். வெளியே வந்ததும் இரண்டையும் கழற்றி ஆணியில் மாட்டி, கை கழுவிவிட்டுத்தான் சட்டையைத் தொடுவாள். ஓர் இறகுகூட முன்னறைக்குள் வந்ததில்லை. தீனிக்கு ஒரு பை, முட்டைக்கு ஒரு பை. கோட்டு அவளுக்குப் பொருத்தமாக இல்லை என்பதை மட்டும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து பார்த்தால் அண்ணன் சுருங்கிவிட்டான் என்றுதான் தோன்றும்.

கிறுக்கா பிடித்திருக்கு என்று கேட்டவள் மூன்றாம் மாதம் கோழிக்குப் பெயர் வைத்துவிட்டாள். தலையை முன்னால் நீட்டி மூலை மூலையாகச் சோதனை போடுகிறது இன்ஸ்பெக்டர். முட்டையிட்டதைத் தெருவுக்கே அறிவிக்கிறது வாயாடி. எதற்கும் அவசரப்படாதது பெரியம்மா. எல்லோரும் கொத்திய பிறகு மிச்சத்துக்கு வருவது பாவம். பாவத்துக்குத் தனியாக ஒரு பிடி அண்ணி கையிலிருந்தே போகும்.

பேச்சும் ஆரம்பமாகிவிட்டது. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவள், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வாள். மகள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, சட்டைக் கம்பெனி மேஸ்திரி பொத்தானை எண்ணாமலே குறைகிறது என்று சொல்வது, கால் மரத்துப்போவது, மழை வந்தால் சமையலறை மூலையில் ஒழுகுவது, எல்லாம் கோழிக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் போனில் வந்தால், சாப்டீங்களா, தூங்கினீங்களா, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நேராகக் கூண்டுக்குப் போவாள். மிச்சப் பேச்சு அங்கே நடக்கும்.

"வாங்கடி" என்று ஒரு குரல். அது போதும். நாலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். வந்து, அவள் காலடியில் இறக்கையைக் கொஞ்சம் விரித்து, முதுகைத் தாழ்த்தி, அப்படியே பதுங்கி உட்காரும். அவள் குனிந்து ஒவ்வொன்றின் முதுகையும் தடவுவாள். எழுந்து ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துவிட்டுத் தீனிக்குப் போகும்.

"பாத்தியா, என்ன மரியாத!" என்றாள் ஒரு நாள்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அண்ணி. முட்டை போடற பெட்டை சேவலுக்குத்தான் அப்படி உக்காரும். உங்கள சேவல்னு நெனச்சிருக்கு."

அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பாவத்தின் முதுகைத் தடவிக்கொண்டே, "நெனச்சிட்டுப் போகட்டும். இந்த வீட்ல ஒரு சேவல் இருந்து எத்தன காலமாச்சு" என்றாள். சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நின்ற பிறகும் அவளுக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

கோட்டை அவள் ரொம்ப நாள் துவைக்கவே இல்லை. துவையுங்கள் அண்ணி, நாறுகிறது என்றேன். "இதுல அவர் வாசன இருந்துச்சு. புகையும் வேர்வையுமா. இப்ப கோழி வாசனதான் இருக்கு. எப்ப மாறிச்சுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு அன்றே துவைத்துப் போட்டாள்.

வருஷம் இரண்டு ஆனதும் முட்டை குறைந்தது. கலப்பினம் அப்படித்தான், வேகமாக இடும், சீக்கிரம் ஓயும். பண்ணையில் என்றால் அந்த வயசில் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். புதுசு நாலு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "முட்டைக்கா வெச்சிருக்கேன்?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்தான். இந்தத் தடவை வந்தது வழக்கமான விடுமுறை இல்லை. அங்கே வேலை முடிந்துவிட்டது. அதே கம்பெனி இன்னும் தள்ளி, பாலைவனத்துக்குள், வேறொரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. போனால் ஐந்து வருஷம், நடுவில் வர முடிந்தால் உண்டு. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு அவன் போகக்கூடாது. இதில் ஒளிவுமறைவு கிடையாது, அவள் கண்ணைப் பார்த்தால் கண் தெரியாதவனுக்கும் தெரியும். ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

"ஒரு வார்த்தை இருங்கன்னு சொல்லுங்களேன் அண்ணி."

"சொன்னா இருப்பார். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா, நீ சொல்லித்தான இருந்தேன்னு ஆயிடும். அவருக்கா இருக்கணும்னு தோணணும்."

அவனுக்குத் தோன்றுகிற மாதிரி இல்லை. பாவம், அவனையும் சொல்லிக் குற்றமில்லை. சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாது. இருட்டில் விளக்கைப் போடப் போய்க் கதவைத் தட்டுவான். மகள் படித்துக்கொண்டிருக்கும் அறைக்குள் அவன் போனால் அவள் எழுந்து நின்றுவிடுவாள், வாத்தியார் வந்த மாதிரி. கேட்டதற்கு உம் என்பாள். எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, "காஜாக்கா வீட்டுக்கு வந்திருக்கீங்களா?" என்று விசாரித்தார். மேலே எதுவும் ஓடாமல் அண்ணன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தால்கூட நுனியில்தான் உட்கார்ந்தான், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவனைப்போல.

"எனக்கு இங்க என்ன இருக்கு சொல்லு" என்றான் என்னிடம். "அவ வேலைல அவ இருக்கா. பொண்ணு படிப்புல இருக்கா. நான் குறுக்க நெடுக்க நடந்துட்டிருக்கேன். அங்கன்னா ஒரு கட்டிலாவது என்னுது. நான் வந்தா ரெண்டு பேர் திரும்பிப் பாப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனை நாலு கேட்டேன். கேட்டு என்ன, அவன் சொன்னதில் பொய் இல்லையே. பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து, துடைத்து, சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தான். அண்ணி அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை. தூறிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போகும் வழியில் நுழைந்தேன். அன்றைக்குள் அனுப்பியாக வேண்டிய மூட்டை ஒன்று இருந்ததால் அண்ணி, அண்ணன் எழுவதற்கு முன்னால் வழக்கமாகப் போய்வரும் கூண்டுக்குக்கூடப் போகாமல் பலகையில் உட்கார்ந்து ஊசியைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அறைக்கு அறை நடந்தான். பின்கதவு வரை போனவன், "அட, என் கோட்டு!" என்றான். தூறலுக்கு அதை மாட்டிக்கொள்வதும் தொப்பியைக் கவிழ்த்துக்கொள்வதும் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம்.

அப்புறம் ஒரு கூச்சல். "ஏய்! இங்க வந்து பாருங்களேன்! சீக்கிரம் வாங்க!"

பாம்பு கீம்பு என்று நினைத்து ஓடினேன். கூண்டு நடுவில் அண்ணன் நின்றுகொண்டிருக்கிறான். நாலு கோழியும் அவன் காலைச் சுற்றி இறக்கையைத் தாழ்த்திப் பதுங்கி உட்கார்ந்திருக்கின்றன. இன்ஸ்பெக்டர் அவன் செருப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"என்னத் தெரியுது இதுங்களுக்கு!" என்றான். குரல் உடைந்திருந்தது. "ரெண்டு வருஷமாச்சு. ஒரு வாரம் பாத்தது. இதே கோட்டோட நின்னு கூண்டு கட்டினேனே, மறக்கல பாரேன்! தொடலாமா? கொத்தாதே?"

தொட்டான். முதுகைத் தடவினான். பாவம் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அவனுக்குக் கல்யாணமான அன்றைக்குத்தான். மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். அவனைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அட மடையா, அது உனக்கு உட்காரவில்லை, கோட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அண்ணி. கதவுக்கு உள்பக்கமாக, கோழி கண்ணில் படாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஊசி குத்திக் காய்த்த அந்த விரல்கள் வலிக்கிற அளவுக்கு அழுத்தின. அப்படியே என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிடாத."

"என்ன அண்ணி இது? ரெண்டு வருஷமா நீங்க தடவி வளத்தது. அவன் என்னமோ..."

"அவர் மூஞ்சியப் பாத்தியா நீ?" மூச்சுக் குரலில் கேட்டாள். "இந்த வீட்ல அவரத் தெரிஞ்ச ஜீவன் ஒண்ணு இருக்குன்னு நெனைக்கறார். நெனைக்கட்டுமே. உன் கால்ல வேணா விழறேன், சொல்லிடாத."

அண்ணி காலில் விழுந்தால் நான் எங்கே போவது? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

மறுநாள் காலை அண்ணன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். அதற்கு மறுநாளும். கோழி ராத்திரி சரியாக அடைந்ததா என்று பார்ப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டுக்கு மேல் தகரம் போடுவது, வேலை தானாக முளைத்தது. கோழிக்குக் கீரை எது ஆகும் என்று மகளிடம் கேட்டான். அவள் சொன்னாள். எது பாவம், எது பெரியம்மா என்று சொல்லிக் கொடுத்தாள். இத்தனை நாள் தீனி போட்டது அவள்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான், அம்மா கண்ணைக் காட்டியதால் அவளும் மறுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரைக் கூட்டி வந்து கோழிகள் உட்காருவதைக் காட்டினான். "ரெண்டு வருஷம் கழிச்சும் மறக்கல சார்!" எதிர்வீட்டுக்காரர் தெருமுனையில் போய்ச் சொல்ல, கோழிக்கார அண்ணன் என்று அவனுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. பெயர் வந்துவிட்டால் அப்புறம் தெருவில் ஆள் நிலைத்த மாதிரிதானே.

மாசக் கடைசியில் பாலைவனத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். பக்கத்தில் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டி பரண்மேல் ஏறியது. எனக்கு அண்ணி சொன்னபோது அவள் அழுதாள், நானும் அழுதேன். கேட்டுக்கொள்ளாமலே கிடைத்துவிட்டது அவளுக்கு.

ஆனால் கோழி அவள் கையைவிட்டுப் போய்விட்டது.

நான் கொஞ்சம் தாமதமாகத்தான் அதைக் கவனித்தேன். கோட்டு இல்லாமல் அண்ணி கூண்டுக்குப் போனால் கோழி மிரண்டு மூலைக்கு ஓடும். மஞ்சள் நைட்டியும் விரித்த கூந்தலுமாக அவளை அவை கண்டதே இல்லை. அது போகட்டும், நாலு நாள் தீனி போட்டால் பழகிவிடும். ஆபத்து அவள் குரலில் இருந்தது. ஆளைத் தெரியாவிட்டாலும் குரலைத் தெரியும். ஒரு நாள் அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட, "வாடி" என்று குரல் கொடுத்திருக்கிறாள். கூண்டு திறந்திருந்தது. அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்த நாலும் அவனை அப்படியே விட்டுவிட்டு, சமையலறைக் கதவுக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு நின்றனவாம். "என்ன இதுங்க உன்கிட்ட ஓடுது?" என்று அண்ணன் கேட்டான். முகம் கொஞ்சம் வாடியிருந்ததாம். "அரிசி களையற சத்தம் கேட்டிருக்கும்" என்றாளாம் அண்ணி.

அதிலிருந்து அவள் பின்பக்கம் இருக்கும்போது பேசுவதையே விட்டுவிட்டாள். மகளைக் கூப்பிட வேண்டுமானால் எழுந்து போய்த் தோளைத் தொட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறவள், குழாயை மட்டும் ஓடவிட்டாள். தெருவில், காஜாக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் வந்ததும் அடக்கம் வந்துவிட்டது என்று ஒருத்தி சிரித்தாள். அவளை நான் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

ஒரு மாலை நான் போனபோது அண்ணி முன்னறையில் இல்லை. சமையலறை ஜன்னல் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சட்டை. ஊசி கோத்தபடி தொங்குகிறது.

"பெரியம்மா காலத் தாங்கி நடக்குது. அவருக்குத் தெரியல" என்றாள் மெதுவாக. "நீ சொல்ற மாதிரி சொல்லு."

"நீங்களே போய்ப் பாருங்களேன் அண்ணி. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? இனிமே சொன்னா என்ன ஆகிடும்? சிரிச்சிட்டுப் போறான்."

"சிரிப்பார். சிரிச்சிட்டு அப்புறம் யோசிப்பார். இன்னும் கால் ஊனல அவருக்கு. பட்டறைல எவனோ ஒரு வார்த்த சொன்னா ராத்திரி பரணப் பாக்கறார். நான் பாத்தேன்."

"அதுக்கு? கோழிக்காக இருக்கற ஆளு ஒரு ஆளா? உங்களுக்காக இல்ல இருக்கணும்?"

அவள் சட்டையை மடியில் வைத்து நீவினாள். நீவத் தேவையில்லாத சட்டை. "எதுக்கோ இருக்கார்ல. அது போதும்னு நெனச்சேன்" என்றாள். "போதலடி. சொன்னா சிரிப்ப. அவர் ஊர்ல இல்லாதப்ப அவரை நெனச்சிட்டு அதுங்ககிட்ட உக்காந்திருப்பேன். இப்ப அவர் பக்கத்துல உக்காந்துட்டு அதுங்கள நெனச்சிட்டிருக்கேன். கை தேடுது. காலைல முழிப்பு வந்ததும் கைதான் முதல்ல தேடுது, அந்தச் சூட்ட."

"அந்தப் பேச்சையெல்லாம் இப்ப அவன்கிட்டயே பேசலாமே."

"பேசறேன். உம் கொட்டறார். நல்லவர்தான், கேக்கறார். கோழி தலைய ஒரு பக்கமா சாச்சுக் கேக்கும் பாரு, அந்த மாதிரி கேக்கத் தெரியல. பழகணும். அவரும் பதினஞ்சு ஆம்பளைங்களோட ஒரு அறைல இருந்தவரு."

நான் பெரியம்மாவின் காலைப் பார்த்தேன். பாதத்தில் ஒரு முள். எடுத்து மருந்து வைத்தேன். அண்ணன் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டான், குழந்தையைப் பிடிப்பதுபோல. எவ்வளவு கோபம் இருந்தாலும் அவனைத் திட்ட முடியவில்லை. அவனும் இத்தனை காலம் தடவிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் கிடந்தவன்தானே. ஜன்னல் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தான் அண்ணன், அவனே சொல்லியிருந்தான். வீட்டில் ஆள் மாதிரி கூப்பிடுகிறானே என்று போனேன். சர்க்கரை டப்பாவை அவனே எடுத்தான். மகள் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஏதோ கணக்குப் பாடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது எனக்கு.

வெயில் தாழ்ந்ததும் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். முன்னறைக்குப் போய் அண்ணியின் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்தான்.

"எப்பப் பாரு ஊசியும் நூலுமா. வா."

"எங்கங்க?"

"வான்னா வா. நான் வந்த நாளா பாக்கறேன், கூண்டுப் பக்கமே நீ வர்றதில்ல. உனக்குத் துணைக்குன்னு கட்டினது அது. ஒரு நாளாவது ஒரு பிடி போட்டிருக்கியா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவன் அவள் கையைப் பிடித்து, பின்கட்டைத் தாண்டி, தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நானும் பின்னாலேயே போய்க் கூண்டு வாசலில் நின்றேன். கோழிகள் ஓடிவந்தன. அவன் காலடியில் உட்கார இருந்தவை, அவன் பின்னால் மஞ்சள் நைட்டியைப் பார்த்ததும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஒதுங்கின. இன்ஸ்பெக்டர், அண்ணியின் மடியில் கண் சொருகித் தூங்குகிற அந்த இன்ஸ்பெக்டர், அபாயக் குரல் கொடுத்தது. பாவம் அண்ணனின் கோட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அண்ணன் சிரித்தான். நல்ல மனசோடுதான் சிரித்தான். குனிந்து, "பயப்படாதீங்கடி. இவ நம்ம வீட்டு ஆளுதான்" என்றான் கோழிகளிடம்.

அண்ணி தலையை ஆட்டினாள். அவன் அவள் உள்ளங்கையில் தீனியைக் கொட்டினான். அவள் மெல்லக் குந்தி, கையைத் தரையோடு தரையாக நீட்டினாள். எதுவும் வரவில்லை. நாலும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பார்த்தன.

"வாயத் தொறந்து கூப்பிடு. அப்பத்தான் வரும்" என்றான் அண்ணன். "கூப்பிடேன், கோழிகிட்ட என்ன வெக்கம் உனக்கு?"

ஒரு குரல் போதும். நாலும் விழுந்தடித்துக்கொண்டு அவள் மடியில் ஏறிவிடும். எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள் அண்ணி, சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான், வீட்டுக்காரனாக.

"நீங்களே கூப்பிடுங்க" என்றாள், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.